டிக்சன் துரையின் தள்ளுபடி

பதினோரு விநாடி அழுதாள் சுடலைவடிவு. சொரிமுத்து எண்ணிப் பார்த்துவிட்டான்.

வீடியோ எலியேசர் அனுப்பியது. பூவங்களத்தில் எந்த விசேஷத்துக்கும் மைக்செட் அவன்தான். போன சுதந்திர தினத்தன்று நடந்த நாடகத்தை மேடை ஓரத்தில் நின்று கைபேசியில் எடுத்து வைத்திருந்தான். இந்த வருட நாடகத்துக்கு ஊரைக் கிளப்பிவிட, ஆடி பிறந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கடைசிக் காட்சி. கதாநாயகன் வேஷத்தில் மணிராஜ் தூக்குக் கயிற்றுக்குக் கீழே நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். எலியேசர் மெல்லக் கைபேசியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பியிருக்கிறான். மூன்றாவது வரிசையில் சொரிமுத்துவின் மனைவி வடிவு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். பக்கத்து நாற்காலியில் மணிராஜின் மனைவி கடலை உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறாள். அப்புறம் படம் மறுபடி மணிராஜிடம் போய்விடுகிறது.

சொரிமுத்துவுக்கு இதுவரை இது தெரியாது. தெரிய வழியும் இல்லை. பதினேழு வருடமாக அந்த நாடகத்தில் அவன் டிக்சன் துரை. 'கொண்டு போங்கள் இவனை' என்று சொல்லிவிட்டுத் துரை உள்ளே போய்விட வேண்டும். தூக்குக் காட்சி நடக்கும்போது அவன் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

ஸ்ரீவைகுண்டம் பாலத்தடியில் லோடு ஆட்டோவை நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்து அதை நாலு தடவை பார்த்தான். பின்னால் வாழைத்தார் வெயிலில் காய்ந்தது.

மூன்று வருடத்துக்கு முன் இதே வண்டி வளைவில் கவிழ்ந்து அவன் கால் முறிந்தது. வடிவு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குல்லா?" என்று கேட்டாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனாள். அழவில்லை. தைரியமான பொம்பளை என்று அன்றைக்குப் பக்கத்துக் கட்டில்காரனிடம் பெருமையாகச் சொன்னான்.

இப்போது வீடியோவை ஐந்தாவது தடவையாகப் போட்டான்.

மணிராஜ் வேறு யாரோ என்றால்கூடப் போகட்டும். அவன் வடிவுக்கு அத்தை மகன். கட்டிக்கொள்ளும் முறை. ஒரு காலத்தில் பேச்சு நடந்தது. மணிராஜ் திருப்பூருக்கு வேலைக்குப் போனான், அவனுடைய அம்மா நகையைக் கூட்டிக் கேட்டாள், பேச்சு நின்றது. அதற்கடுத்த தையில் சொரிமுத்து வந்து பெண் பார்த்தான். மாப்பிள்ளை சிவப்பு என்று வடிவின் அம்மா அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொண்டாள். இது எல்லாம் ஊரறிந்த கதை. பத்தொன்பது வருடமாக யாரும் அதைப் பேசியதில்லை. பேச ஒன்றுமில்லை. வடிவு மணிராஜை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். முறை அது. சொரிமுத்துவை 'இங்கேருங்க' என்று கூப்பிடுவாள். அதுவும் முறைதான்.

ஆனால் ஒன்றில் உறவு இருந்தது. மற்றதில் வெறும் திசை இருந்தது. அவன் இதை யோசித்தது அந்தப் பாலத்தடியில்தான்.

*

நாடகத்தின் பெயர் 'களம் காத்த சங்குமுத்து'. கும்பினிக்காரன் காலம். பூவங்களத்தில் சங்குமுத்து என்று நெல் பயிரிடும் சம்சாரி ஒருவன் இருந்தானாம். துரை முதல் வருடம் நெல்லுக்குத் தீர்வையைக் கூட்டுகிறான். ஊர் முனகிக்கொண்டே கட்டுகிறது. இரண்டாம் வருடம் தறிக்கு வரி, பனைக்கு வரி, ஆற்றில் விடுகிற தோணிக்கு வரி. ஊர் கூடி ஓலையில் மனு எழுதிக் கொடுக்கிறது. துரை ஓலையைச் சுருட்டிக் காது குடைகிறான். மூன்றாம் வருடம் அறுத்துக் குவித்த நெல்லைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டு, உச்சியில் களிமண் வைத்து முத்திரை குத்துகிறார்கள். தீர்வை அளக்கும்வரை ஒரு மணி எடுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் பட்டினி. சங்குமுத்து களத்துக்கு வருகிறான். முத்திரையை மிதிக்கிறான். பிறகு விசாரணை, பிறகு தூக்கு.

எழுதியது அம்பலவாணன் அண்ணாச்சி. ஸ்ரீவைகுண்டத்தில் உரக்கடை வைத்திருப்பவர். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர் ஒரு தடவை வந்தார். இப்படி ஓர் ஆள் இருந்ததற்கு எந்த ஆவணமும் இல்லை என்றார். அண்ணாச்சி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். நாடகம் நிற்கவில்லை.

துரை வேஷத்துக்குச் சொரிமுத்துவைப் பிடித்துப் போட்டதும் அண்ணாச்சிதான். நடிப்பைப் பார்த்து அல்ல, தோலைப் பார்த்து. ஊரில் அத்தனை வெளுப்பு வேறு யாருக்கும் இல்லை.

சொரிமுத்து பாலத்தடியிலிருந்து நேராக உரக்கடைக்குப் போனான்.

"அண்ணாச்சி, இந்த வருசம் நான் சங்குமுத்துவா நிக்குதேன்."

அண்ணாச்சி யூரியா மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"நீ நின்னா துரை யாரு?"

"மணிராஜ் அண்ணன் நிக்கட்டும்."

"மணிராஜுக்குப் பவுடர் அடிச்சா எத்தனை டப்பா ஆவும் தெரியுமாலே? ஊர் வசூல் பூரா பவுடருக்கே போயிரும்."

மூட்டை இறக்கியவர்கள் சிரித்தார்கள். சொரிமுத்து சிரிக்கவில்லை.

"வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம் அண்ணாச்சி."

"ஊருக்கே மனப்பாடம். அதுக்காக ஊரையே ஏத்த முடியுமா? ஏலே, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. தீர்வை கட்ட மாட்டேன்னு சொல்லுததுக்கு ஒரு மூஞ்சி வேணும். உன் மூஞ்சி கட்டிட்டு ரசீது கேக்குத மூஞ்சி."

மறுபடி சிரிப்பு. வந்ததற்கு ஒரு டீ சொன்னார் அண்ணாச்சி. சொரிமுத்து குடிக்காமல் கிளம்பினான்.

*

வீட்டுக்கு வந்தபோது மணிராஜ் உள்ளே நின்றுகொண்டிருந்தான். வடிவு அவன் தலையில் பச்சைத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சங்குமுத்துவின் தலைப்பாகை வருடா வருடம் அவள் தைப்பதுதான். இந்த வருடம் ஓரத்தில் சரிகை வைத்திருந்தாள்.

"குனியுங்க அத்தான். நீங்க பனைமரம் மாதிரி நின்னா நான் ஏணியா போடுதது?"

மணிராஜ் குனிந்தான். வாசலில் நின்ற சொரிமுத்துவைப் பார்த்ததும் குனிந்தபடியே சிரித்தான்.

"வா தம்பி. துரை வந்தாச்சு, இனி நம்ம தலை தப்பாது."

முறைப்படி மணிராஜ் அவனுக்கு அண்ணன். இரண்டு வயது மூப்பு. குத்தகைக்கு வாழை போடுகிறான். தார் வெட்டினால் ஏற்ற சொரிமுத்துவைத்தான் கூப்பிடுவான். ஒரு பொல்லாப்பும் இல்லாத ஆள். அதுதான் சொரிமுத்துவுக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மணிராஜ் போனபின் சொரிமுத்து கொடியில் கிடந்த துரை கோட்டை எடுத்துப் பார்த்தான். பேண்டு செட்டுக்காரனிடம் பழசாக வாங்கிய சிவப்புக் கோட்டு. இரண்டு பித்தான் இல்லை.

"இதுக்குப் பித்தான் வைக்கணும்."

"தூரத்துல யாருக்குத் தெரியும்? கையை வச்சு மறைச்சுக்கிடுங்க."

அவன் கோட்டைத் திரும்பக் கொடியில் போட்டான்.

"போன வருசம் நாடகத்துல நீ அழுதியா?"

வடிவு சரிகைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எப்ப?"

"தூக்குல போடும்போது."

"எல்லாருந்தான் அழுதாங்க."

"அவன் பெண்டாட்டி அழல. கடலை தின்னா."

"அவளுக்குப் பசிச்சிருக்கும்."

"நீ மணிராஜுக்கா அழுதே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சங்குமுத்துக்கு அழுதேன்."

"சங்குமுத்து யாரு? மணிராஜ்தான?"

"உங்களுக்கு வெயில்ல வண்டி ஓட்டி ஓட்டி மண்டை காஞ்சு போச்சு" என்றாள் வடிவு. "ஊருக்காகச் சாவுதான் ஒருத்தன். பாத்தா அழுகை வராதா? உங்களுக்கு வராதா?"

வராது. அவன் அந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவன் சொன்னது வேறு.

"நான் சங்குமுத்துவா நின்னா அழுவியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததுதான் தப்பு. உடனே ஆமாம் என்றிருக்கலாம், உடனே இல்லை என்றிருக்கலாம்.

"உங்களை அந்த வேசத்துல பாத்தா சிரிப்புல்லா வரும்" என்றாள். சொல்லிவிட்டு நிஜமாகவே சிரித்தாள். துண்டுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

*

ஒத்திகை சமுதாயக் கூடத்தில் நடந்தது. சொரிமுத்து ஒரு நாளும் தவறவில்லை. முன்னெல்லாம் தன் வசனத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய் பீடி குடிப்பான். இந்த வருடம் கூடத்திலேயே உட்கார்ந்து மணிராஜைப் பார்த்தான். மணிராஜுக்குக் குரல் பெரிது. அது ஒன்றுதான். கை எங்கே வைப்பது என்று தெரியாது. ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் மேற்கூரையைப் பார்ப்பான். முத்திரையை மிதிக்கும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மிதிப்பான். நெல் என்பதால். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கயிற்றின் கீழே போய் நின்றதும் அந்த ஆளே வேறு. ஒத்திகையிலேயே டீக்கடைப் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஒரு நாள் டீ குடிக்கும்போது சொரிமுத்து கேட்டான். "அந்த இடத்துல மட்டும் எப்பிடிண்ணே அப்பிடி நிக்கிய?"

மணிராஜ் வெட்கப்பட்டான்.

"நான் என்னத்த நிக்கேன். கயிறுதான் எல்லாம். கயிறு தலைக்கு மேல தொங்கினா எவன் நின்னாலும் வீரன்தான் தம்பி. கயிறு இல்லேன்னா நான் உரம் வாங்க வந்த ஆளு மாதிரில்லா நிப்பேன்."

"கயிறை யாரு தாரது?"

"நீதான்" என்று சொல்லி மணிராஜ் அவன் முதுகில் தட்டினான்.

நீதான்.

அதற்கப்புறம் சொரிமுத்து அந்த ஒரு சொல்லைத்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பதினேழு வருடமாக மணிராஜுக்கு மாலை வாங்கித் தந்தது அவன். ஊர் கைதட்டலை வாங்கித் தந்தது அவன். வடிவின் அழுகையை, வாயில் அடைத்த அந்த முந்தானையை, அவன்தான் ஒவ்வொரு வருடமும் தன் கையால் எடுத்து மணிராஜிடம் கொடுத்துவிட்டு எண்ணெய் போட்டு முகம் துடைக்கப் போயிருக்கிறான்.

கொடுக்காவிட்டால்?

*

ஆகஸ்ட் பதினைந்து சாயங்காலம் ஐந்தரைக்கு நாடகம். ரேஷன் கடைக்கு முன்னால் மேடை. காலையில் ஏற்றிய கொடி பக்கத்துக் கம்பத்தில் காற்றில்லாமல் தொங்கியது. பஞ்சாயத்துத் தலைவர் பேசினார். எலியேசர் மேடைக்கு மேலே இரண்டு மைக் தொங்கவிட்டிருந்தான். முன்னால் குழந்தைகள் தரையில், பின்னால் நாற்காலியில் பெண்கள், கடைசியில் ஆண்கள் நின்றுகொண்டு. வடிவு மூன்றாவது வரிசையில் அதே இடத்தில் இருந்தாள். சொரிமுத்து திரை இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டுத்தான் தொப்பியை வைத்தான்.

வழக்கம்போல அவன் மேடைக்கு வந்ததும் கூச்சல்.

"துரை, ஆட்டோவை எங்கன விட்டுட்டு வந்தீரு?"

"ஏ துரை, பித்தானைக் கும்பினி திங்கவா செஞ்சுது?"

அவன் கையை வைத்துக் கோட்டை மறைத்துக்கொண்டு தீர்வையை வாசித்தான். ஊர் முனகியது. மனு வந்தது. ஓலையால் காது குடைந்தான். சிரித்தார்கள், ஏசினார்கள். களத்தில் மணிராஜ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முத்திரையை மிதித்தான். கைதட்டல் ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

விசாரணைக் காட்சி. சொரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே மணிராஜ் கையில் விலங்கோடு. விலங்கு என்பது வண்டிச் சங்கிலி.

'சங்குமுத்து, கடைசியாகக் கேட்கிறேன். கும்பினியின் தீர்வையைக் கட்டுகிறாயா, கயிற்றுக்குக் கழுத்தைக் கொடுக்கிறாயா?'

மணிராஜ் நெஞ்சை நிமிர்த்தினான். அடுத்த வசனம் ஊர் முழுக்கத் தெரியும். குழந்தைகள் அவனோடு சேர்ந்தே சொன்னார்கள்.

'கழுத்து என்னுடையது, கொடுக்கலாம். நெல் ஊருடையது. அதைக் கொடுக்க நான் யார்?'

கைதட்டல். இனி சொரிமுத்து எழுந்து 'கொண்டு போங்கள் இவனை' என்று சொல்ல வேண்டும். சிப்பாய்கள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து மணிராஜின் தோளைப் பிடித்துவிட்டார்கள்.

சொரிமுத்து எழுந்தான். மூன்றாவது வரிசையைப் பார்த்தான். வடிவு முந்தானை நுனியை எடுத்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அழுவதற்குத் தயாராகிவிட்டாள்.

'உன் வீரத்தை மெச்சினேன் சங்குமுத்து' என்றான். 'தீர்வை தள்ளுபடி.'

மேடை அசையவில்லை.

"ஏலே, என்ன சொல்லுத?" என்று மணிராஜ் பல்லுக்குள் கேட்டான். மைக் அதை ஊருக்கே கொடுத்தது. குழந்தைகள் சிரித்தார்கள்.

'மூன்று வருடத் தீர்வையும் தள்ளுபடி. தறி வரி தள்ளுபடி. பனை வரி தள்ளுபடி. தோணி வரி தள்ளுபடி. நீ வீட்டுக்குப் போகலாம்.'

பின்னால் ஆண்கள் பக்கம் ஒருத்தன் விசில் அடித்தான். இன்னொருத்தன் கைதட்டினான். "துரை வாழ்க" என்று ஒரு குரல் வந்தது. தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் கைதட்டிப் பழகிய கைகள். சிப்பாய்கள் மணிராஜின் தோளை விட்டார்கள். திரை ஓரத்தில் அம்பலவாணன் அண்ணாச்சியின் முகம் தெரிந்தது. "கொண்டு போங்கள்னு சொல்லுலே" என்றது அந்த முகம். சொரிமுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலைக்கு மேலே கயிறு இல்லாத மணிராஜைப் பார்த்துக்கொண்டிருந்தான். உரம் வாங்க வந்த ஆள்.

மணிராஜ் மேலே பார்த்தான். கூரை இல்லை, வானம்தான் இருந்தது. கீழே பார்த்தான். எதிரே நாற்காலியில் இருந்து எழுந்த ஓர் அதிகாரி தள்ளுபடி என்று சொல்கிறான். போன தடவை கூட்டுறவுச் சங்கத்தில் மனைவியின் சங்கிலிக்கு நகைக்கடன் தள்ளுபடியானபோது செயலாளர் மேஜைக்கு முன்னால் மணிராஜின் கை என்ன செய்ததோ, அதையே இப்போதும் செய்தது. இரண்டு கையும் விலங்கோடு சேர்ந்து எழுந்து குவிந்தன.

"ரொம்ப நன்றிங்கய்யா" என்றான்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். விசில் நின்றது. பச்சைத் தலைப்பாகையும் சரிகையுமாகச் சங்குமுத்து துரையைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

சொரிமுத்து மூன்றாவது வரிசையைப் பார்த்தான். முந்தானை வடிவின் கையிலிருந்து நழுவி மடியில் கிடந்தது. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பதினேழு வருடத்துக்கும் சேர்த்து அவன் ஜெயித்தான். அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே அவள் எழுந்து நின்றாள்.

"அத்தான், கையை இறக்குங்க."

கத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. மணிராஜ் சூடு பட்டவன்போலக் கையை இறக்கினான்.

வடிவு சொரிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"தள்ளுபடி செய்ய நீ யாருலே?"

அவன் காதில் அது சரியாக விழவில்லை என்று நினைத்தான். பத்தொன்பது வருடத்தில் வடிவு அவனை 'நீ' என்று சொன்னதில்லை. காய்ச்சலில் பிதற்றியபோதுகூட 'நீங்க' என்றுதான் பிதற்றினாள்.

பக்கத்து நாற்காலிக்காரி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உக்காரு. உன் வீட்டுக்காரருல்லா."

"வீட்டுக்காரரு வீட்டுல" என்றாள் வடிவு. "இவன் துரை."

பெண்கள் பக்கம் ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. எலியேசருக்கு எப்போதும் மைக் எங்கே போக வேண்டும் என்று தெரியும். வயரை இழுத்துக்கொண்டு குழந்தைகளைத் தாண்டி ஓடி வந்து கைமைக்கை அவளிடம் கொடுத்தான். வடிவு அதை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"எங்க நெல்லுக்குத் தீர்வை போட்டது நீ. உன்னைய யாரு போடச் சொன்னா? நாங்க சொன்னமா? இப்பம் தள்ளுபடிங்குத. நாங்க கேட்டமா? இதை வாங்கிக்கிட்டா அன்னிக்கு நீ போட்டது சரின்னு ஆயிரும்லா? இன்னிக்கித் தள்ளுவ. அடுத்த அறுப்புக்குத் திரும்பப் போடுவ. போடுததும் உன் இஷ்டம், தள்ளுததும் உன் இஷ்டம்னா, நாங்க எதுக்குலே இருக்கோம்? களத்தைக் கூட்டுததுக்கா?"

பின்னால் நின்ற ஆண்களில் கைதட்டியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். இரண்டாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். கடைசி வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். "சொல்லு வடிவு" என்றாள் ஒரு கிழவி. மணிராஜின் மனைவி கடலைப் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

மணிராஜ் தனக்கு இங்கே வேலை இல்லை என்று கண்டுகொண்டான். சங்கிலி சத்தம் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றான். யாரும் அவனைப் பார்க்கவில்லை.

வடிவும் பார்க்கவில்லை.

சொரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். மூக்கு விடைத்திருந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. கண் இமைக்கவில்லை. கல்யாணத்தன்று அவள் மாலையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்தாள். தினமும் சாப்பாடு போடும்போது தட்டைப் பார்ப்பாள். இப்படி, பவுடரையும் தொப்பியையும் துளைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு ஆளே இல்லை என்பதுபோல ஒரு நாளும் அவனைப் பார்த்ததில்லை. இந்தப் பார்வை மணிராஜுக்கும் கிடைத்ததில்லை. மணிராஜுக்குக் கிடைத்தது அழுகை. அழும்போது கண்ணில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

பயமா என்று பார்த்தான். பயம் இல்லை.

"பதில் சொல்லு" என்றாள் வடிவு.

"சொல்லு" என்றார்கள் எழுந்து நின்ற பெண்கள்.

திரை ஓரத்திலிருந்து அம்பலவாணன் அண்ணாச்சி இப்போது வாய்விட்டே சொன்னார். "கொண்டு போங்கள்னு சொல்லி முடிலே. சொல்லிட்டு உள்ள வந்திரு. நாடகம் தப்பிச்சிரும்."

தப்பிக்கும். சொரிமுத்துவுக்கும் தெரியும். மூன்றே சொல். சிப்பாய்கள் மணிராஜின் தோளைப் பிடிப்பார்கள். கயிறு இறங்கும். மணிராஜ் நிமிர்வான். எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் போய்விடும். இந்தக் கண்ணும் போய்விடும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? உன்னையத்தான் கேக்குதேன்" என்றாள் வடிவு.

சொரிமுத்து கோட்டின் மேல் இருந்த கையை எடுத்தான். நிமிர்ந்து நின்றான். அவளை நேராகப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் அவள் உட்கார்ந்துவிடுவாள்.